டிரம்பெட்டும் பாதி உதடும்

என் முகத்தின் வலது பாதி வேலை செய்யாமல் போன காலையில் நான் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வலது ஓரமாகத் தானே வழிந்து சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து இன்னொரு வாய் அள்ளினேன். அதுவும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். இடது கண் இமைத்தது. வலது கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பெயரே என் வாயில் குழறியது. அவள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் முகத்தைப் பார்த்ததும் பதறவில்லை. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். "நடங்க." நடந்தேன். "புருவத்தத் தூக்குங்க." இடது புருவம் மட்டும் ஏறியது.

"நெத்தியும் சேந்து அசையல. பக்கவாதம்னா பெரும்பாலும் நெத்தி தப்பிச்சிரும். இது முகவாதம் மாதிரிதான் இருக்கு" என்றாள். பிறகு, "இருந்தாலும் நாமளா முடிவு பண்ண வேண்டாம். ஆட்டோவக் கூப்பிடுதேன். பேசாம உக்காருங்க" என்றாள்.

ஆட்டோவில் அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை. நாடி பார்க்கிறாளா, கையைப் பிடித்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரும் அவள் சொன்னதைத்தான் சொன்னார். முகத்துக்குப் போகிற நரம்பில் வீக்கம். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, படுக்கப் போகும்போது கண்ணை மூடி ஒட்டிக்கொள்ளப் பஞ்சு. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், டிரம்பெட் வாசிக்க முடியுமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மொதல்ல சிந்தாம ஒரு காபி குடிங்க சார். பொறவு பார்க்கலாம்" என்றார்.

டிரம்பெட்டைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. ஊர் இராஜபாளையம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தார்கள், நானும் போனேன். சர்ச் பாடகர் குழுவில் இருந்தவன் என்று தெரிந்ததும் என்னை பேண்டு வாத்தியக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். துப்பாக்கியைவிட டிரம்பெட்தான் என் கையில் அதிக நேரம் இருந்தது. பட்டாளத்தை விட்டு வந்ததும் பம்பாய்க்குப் போனேன். பெரிய ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தேன். ஜாஸ் என்றால் என்ன என்று இங்கே கேட்பவர்களிடம், நம் கச்சேரியில் ராகத்தை விரிப்பதுபோல ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது என்பேன். என்னைப் பொறுத்தவரை அது, மெட்டை விட்டு எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று பார்ப்பதாக இருந்தது. வேகமாகவும் உச்சியிலும் வாசிப்பவன் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. நாலு பேராகச் சேர்ந்து சில ஆல்பங்கள் போட்டோம். அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் எங்களைப் போலவே வாத்தியம் வாசிக்கிறவர்கள்.

மனைவி ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கே திரும்பி வந்துவிட்டோம். அப்போதும் சென்னை, பெங்களூர் என்று கச்சேரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். முகம் கோணியதும் எல்லாம் நின்றது.

டிரம்பெட்டில் சத்தத்தை உண்டாக்குவது உதடு. இரண்டு உதட்டையும் இறுக்கிச் சேர்த்து, நடுவில் காற்றை விட்டு அதிர வைக்க வேண்டும். மற்றதெல்லாம் பித்தளைக் குழாய். என் உதட்டில் பாதி இப்போது என் பேச்சைக் கேட்கவில்லை.

தினமும் கண்ணாடி முன் உட்கார்ந்து பயிற்சி செய்தேன். கன்னத்தை உப்ப வேண்டும், விசிலடிக்க வேண்டும், பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும். மனைவி எதிரே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, "இன்னும் நல்லா ஈ-ன்னு காட்டுங்க" என்பாள். நான் காட்டுகிற கோணல் சிரிப்பைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வர, உதடு இன்னும் கோணிக்கொள்ளும். அழ வேண்டிய காலத்தில் நாங்கள் சிரித்தது அப்படித்தான்.

சொட்டுச் சொட்டாக முகம் திரும்பியது. ஒருநாள் கண் தானாக இமைத்தது. இன்னொரு நாள் ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மனைவி இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

அன்றைக்கே டிரம்பெட்டை எடுத்தேன். முதலில் வெறும் காற்று. பிறகு ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். வாரங்கள் போகப் போக ஒரு சுரம் நின்றது, பக்கத்துச் சுரமும் வந்தது. நடு ஸ்தாயி மட்டும் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மேலே ஏறினால் வலது ஓரத்தில் காற்று புஸ்ஸென்று ஒழுகியது. வேகமாக வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. டாக்டரிடம் காட்டியபோது, "மிச்சம் கொஞ்சம் இப்படியே நின்னாலும் நிக்கலாம்" என்றார். மெதுவாக, நீளமாக, எளிமையாக மட்டுமே என்னால் வாசிக்க முடிந்தது. எனக்கு அது வாசிப்பாகவே தோன்றவில்லை, மருந்து குடிப்பது மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தங்கை மகள் எங்களைப் பார்க்க வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு ரிக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் பாடல்கள், அம்மன் பாடல்கள், குறும்படங்களுக்கு இசை என்று வருகிற வேலையையெல்லாம் செய்வாள். நன்றாகப் பாடவும் செய்வாள். நான் உள்ளறையில் வழக்கமான நீள சுரங்களை ஊதிக்கொண்டிருந்தேன். அலுப்பில் அவற்றைக் கோத்து ஒரு சின்ன மெட்டாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அதோடு சேர்ந்து வார்த்தை இல்லாமல் பாட ஆரம்பித்தாள். நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

"ஏன் பெரியப்பா நிப்பாட்டிட்டீங்க? வாசிங்க."

"இது பாட்டு இல்லம்மா. உதட்டுக்குப் பயிற்சி."

"எனக்குப் பாட்டாத்தான் கேக்குது" என்று கை கழுவிவிட்டு வந்து, போனில் அதைப் பதிவு செய்துகொண்டாள்.

ஒரு வாரம் கழித்து அனுப்பினாள். என் மெட்டுக்கு அடியில் நிதானமான தாளம், மெல்லிய கீபோர்டு, மேலே அவள் குரல். சினிமாப் பாட்டு மாதிரி பல்லவி, சரணம். எனக்குக் கோபம் வந்தது. பம்பாயில் நாங்கள் இந்த மாதிரி இசையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வோம். கடையில் ஓடவிடுகிற சரக்கு என்போம். கூப்பிட்டுத் திட்டலாம் என்று போனை எடுத்தேன். அப்போது மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த மனைவி அதே மெட்டை முணுமுணுப்பது கேட்டது.

மாடிக்குப் போனேன். "உனக்கு இது பிடிச்சிருக்கா?"

"நல்லா இருக்குங்க" என்றாள். தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள். "இத்தன வருசமா நீங்க வாசிச்சதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதுல ஒண்ண வாயில முணுமுணுக்க முடிஞ்சது இதான் மொதத் தடவ."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னாள். வாளியில் மிச்சமிருந்த துணியை எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலை ஸ்டூடியோவுக்குப் போன் செய்து, "அடுத்த மெட்டு ஒண்ணு இருக்கு, வரட்டா?" என்று கேட்டேன்.

அதன் பிறகு காலை டவுன் பஸ்ஸில் டிரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போவது வழக்கமாயிற்று. மில் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் என் தோளில் சாய்ந்து தூங்குவார்கள். ஸ்டூடியோ கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் மில் கழிவுப் பஞ்சை அடைத்திருந்தாள். கீழே பால்கோவா காய்ச்சுகிற கடை. சத்தத்தைத் தடுத்த பஞ்சு வாசனையைத் தடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் என் உதடு சோர்ந்துவிடும் என்பதால் காலையில்தான் பதிவு. கரண்ட் நிறுத்துகிற நாளிலும், ஆடித் தேரோட்ட நாட்களில் ஒலிபெருக்கிகள் முழங்கும்போதும் வேலை நடக்காது.

மெட்டுகள் சேரச் சேர, ஒரு ஆல்பமாகவே போட்டுவிடலாம் என்றாள். நாங்கள் நிறையச் சண்டை போட்டோம். எல்லாப் பாட்டும் ரேடியோவில் வருகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் என்பாள். நடுவில் எனக்கு ஓட இடம் வேண்டும் என்பேன். "ஓடுங்க பெரியப்பா, ஆனா பல்லவிக்கு நேரத்துக்கு வந்து சேந்துருங்க" என்பாள். ஓட முயன்றால் உதடு ஒழுகும். கடைசியில் நான் மெட்டைக் கொஞ்சமாக வளைத்து, ஒரு சுரத்தைத் தாமதித்து, ஒன்றைச் சொல்லாமல் விட்டு வாசிக்கப் பழகினேன். அதற்கே மூச்சும் கவனமும் முழுதாக வேண்டியிருந்தது. சில நாள் ஒரே ஒரு வரிக்காக முழுக் காலையும் போனது. அப்படிப் போன நாட்களில் நான் அலுத்துப் போகவில்லை என்பதை வெகு காலம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. பம்பாயில் எங்கள் குழுவில் பியானோ வாசித்தவர் என் நண்பர். தூத்துக்குடிக்காரர். நாற்பது வருடம் வடக்கே இருந்தும் பேச்சு மாறாதவர். இசையில் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். நல்ல வருமானம் வரும் என்று பாப் வாசிக்கப் போன ஒரு கிட்டார்காரரோடு பல வருடம் பேசாமல் இருந்தவர். அவரிடம் நான் இந்த ஆல்பத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. யார் சொன்னார்களோ, ஒருநாள் அவரே போன் செய்தார்.

"ஏலே, என்னமோ ரிக்கார்டிங் பண்ணுதியாமே?"

"அது ஒண்ணுமில்ல. சும்மா..."

"சும்மா எதுக்குலே பண்ணுத? தூத்துக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வாரேன். முடிஞ்சதும் அங்க வாரேன். கேட்டுட்டுத்தான் போவேன்."

போனை வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கவனித்துவிட்டாள். "அண்ணன் என்ன பரீட்ச பேப்பரா திருத்த வாராவ? கோழிக்குழம்பு சாப்பிட வாராவ" என்றாள்.

"உனக்குத் தெரியாது. அவன் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருவான்."

"சொல்லட்டுமே. நீங்க வாய் கோணி உக்காந்திருந்தப்ப நான் பார்த்ததவிடவா பெரிசு அது?"

அவர் வந்தார். முதலில் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானலே இருக்கு, முன்னயே அழகு கம்மிதான்" என்றார். மனைவியைப் பார்த்து, "தங்கச்சி, நீதான் காப்பாத்தினியாமே" என்றார். மறுநாள் காலை அவரை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் அவர் கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஸ்டூடியோவில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மொதல்ல இருந்து கடைசி வர போடும்மா. நடுவுல யாரும் பேசாதீங்க" என்றார். முதல் பாட்டு ஆரம்பித்ததும் நான் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். கீழே கறுப்புக் கோட்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவருக்கு அன்று தீர்ப்பு போலிருக்கிறது, குடும்பத்தார் ஓரமாக நின்று கோர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களோடு போய் நின்றுகொள்ளலாம் போல இருந்தது.

கதவு இடுக்கில் என் டிரம்பெட் கசிந்துகொண்டே இருந்தது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் அவர் ஏதாவது சொல்கிறாரா என்று காது கொடுத்தேன். ஒன்றும் இல்லை. கடைசிப் பாட்டும் முடிந்தது. தங்கை மகள் கதவைத் திறந்தாள். "பெரியப்பா, மாமா கூப்பிடுதாவ."

உள்ளே போனேன். அவர் கண்ணைத் திறந்திருந்தார். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "ரெண்டாவது பாட்டுல கீபோர்டு யாரும்மா வாசிச்சது?" என்றார்.

"நான்தான் மாமா."

"கொடுமையா இருக்கு. அத அழிச்சிரு. நான் வாசிக்கேன்."

"நீ வாசிக்கியா?" என்றேன்.

"பின்ன? இப்படி ஒரு மெட்டுக்கு இப்படி வாசிச்சா உனக்கு அசிங்கம் இல்லையா?"

"மத்ததெல்லாம்?"

"மத்தது என்ன மத்தது?"

"டிரம்பெட் எப்படி இருக்கு?"

இப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஏலே, பம்பாய்ல உன்கூட வாசிக்கையில எனக்கு மூச்சு வாங்கும். எதுக்கு இப்படி ஓடுதான், யாரு தொரத்துதான்னு நினைப்பேன். கேக்க மாட்டேன், ஆளுகெல்லாம் கைதட்டுதாவளேன்னு. இப்பதான் நீ நடந்து வார. பக்கத்துல நானும் நடக்கலாம்." பிறகு, "அஞ்சாவது பாட்டு எனக்குப் பிடிக்கல. சக்கர ஜாஸ்தி" என்றார்.

"என் வீட்டுக்காரிக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்."

"அப்ப இருக்கட்டும்."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. தங்கை மகள்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுடைய கீபோர்டை அவர் திட்டியதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். "மாமா, நான் வாசிச்சது அம்புட்டு மோசமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "உன் பாட்டு நல்லா இருக்கும்மா. கைய மட்டும் எடுத்துரு" என்றார் அவர்.

ஒருநாள் தங்குவதாக வந்தவர் அந்த வாரம் முழுக்கத் தங்கினார். ஐந்தாவதைத் தவிர எல்லாப் பாட்டிலும் வாசித்தார். அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு நானும் சில இடங்களை மாற்றி ஊதினேன். காலையில் பஸ், பதிவு, மதியம் டீக்கடை, மாலையில் மனைவியின் சமையல். இளவயதில் பம்பாயில்கூட நாங்கள் அப்படி நிம்மதியாக வேலை செய்ததில்லை.

ஆல்பம் இணையத்தில் வெளியானது. உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. பழைய ஜாஸ் ரசிகர் ஒருவர், வயதான காலத்தில் இவருக்கு ஏன் இந்த ஜனரஞ்சக ஆசை என்று எழுதினார். முன்பென்றால் அப்படி ஒரு வரி என்னை ஒரு மாதம் படுக்க வைத்திருக்கும். இதை வாசித்துவிட்டு, பாதி சரிதான் என்று நினைத்துக்கொண்டு பால் வாங்கப் போனேன். மனைவியின் பழைய தோழி ஒருத்தி பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் போனில் எங்கள் பாட்டைப் போடுகிறார்கள் என்று சொல்லியனுப்பினாள். "உங்க வீட்டுக்காரரு குழலு நல்லா ஊதுதாரு" என்றார்களாம். குழல் என்று சொன்னதை நான் திருத்தவில்லை.

வருடக் கடைசியில் இராஜபாளையத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் மாலைக் கச்சேரி வைத்தோம். நண்பர் அதற்காகவே வந்தார். சர்ச் ஆட்கள், தெருக்காரர்கள், தளவாய்புரத்திலிருந்து மனைவியின் சொந்தக்காரர்கள், பட்டாளத்தில் என்னோடு இருந்த சிலர். ஜாஸ் கேட்டவர் அதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. முதல் பாட்டுகள் நன்றாகப் போயின. பாதியில் உதட்டின் வலது ஓரம் மரத்து வருவது தெரிந்தது. நான் பயந்துகொண்டே இருந்த நேரம் அதுதான்.

மைக்கின் அருகே போனேன். "எனக்கு முகவாதம் வந்து சரியானது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். உதடு கொஞ்சம் ஓய்வு கேக்குது. செத்த நேரம் இவங்க ரெண்டு பேரும் வாசிப்பாங்க, பாடுவாங்க. நானும் உங்களோட சேந்து கேக்கேன்" என்றேன். முன் வரிசையில் யாரோ, "உக்காருங்க சார், அவசரம் ஒண்ணுமில்ல" என்றார். மேடையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நண்பர் கீபோர்டில் மெதுவாகத் தொடங்கினார். தங்கை மகள் பாடினாள். மேடை ஏறிய இத்தனை வருடங்களில், மேடையிலேயே உட்கார்ந்து, வாசிக்காமல், அடுத்து என்ன வாசிப்பது என்று யோசிக்காமல் நான் வெறுமனே கேட்டது அன்றுதான். என் மெட்டுதான். ஆனாலும் புதிதாகக் கேட்பதுபோல இருந்தது. டிரம்பெட் வர வேண்டிய இடத்தை நண்பர் அப்படியே காலியாக விட்டு வாசித்தார். என்னை அவசரப்படுத்தவில்லை. இரண்டு பாட்டு அப்படிப் போன பிறகு உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தேன். உணர்வு வந்திருந்தது. எழுந்து போய் மிச்சத்தை வாசித்தேன். கடைசிப் பாட்டில் ஒரு சுரம் உடைந்தது. உடைந்தபடியே அதை நீட்டி முடித்தேன்.

மறுநாள் நான் கண் விழித்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சமையலறையில் மனைவியும் நண்பரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க அண்ணே என்று அவள் சொல்ல, டிக்கெட் போட்டாச்சு தங்கச்சி என்று அவர் சொல்ல, அதை மாத்தினா என்ன என்று அவள் கேட்க, அவர் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்துகொண்டிருந்தார். எழுந்து போய் நானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அவளே பார்த்துக்கொள்வாள் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.